இரட்டைப் பிறவிகளான இரு உலோகங்கள்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் ஆவர்த்தன அட்டவணையை நம் பிள்ளைகள் பாராயணமாக ஒப்பிக்கின்றனர். இடமிருந்து வலமாகச் செல்லச் செல்ல அணுவின் பருமன் குறையும். மேலிருந்து கீழிறங்க இறங்கப் பெருகும் என்று பரீட்சைத் தாளில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றனர். ஏன் என்று கேட்டால் விழிக்கின்றனர். குற்றம் அவர்களுடையதன்று, விதியைப் புகட்டினோம், காரணத்தைப் புகட்டவில்லை.

காரணம் அத்தனை கடினமானதன்று. ஸோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்கள் உள்ளன. அதே வரிசையிலுள்ள குளோரினில் 17. புரோட்டான் ஒன்று கூடும்போதெல்லாம் எலெக்ட்ரானும் ஒன்று கூடுகின்றது. ஆயின் அந்தப் புதிய எலெக்ட்ரான்கள் யாவும் ஒரே புறக்கூட்டில் வந்து அமர்கின்றன. ஒரே கூட்டிலுள்ளவை கருவின் இழுப்பினின்று ஒன்றையொன்று நன்கு மறைப்பதில்லை. ஆகவே இழுப்பு மிகுந்து, கூடு உள்நோக்கிச் சுருங்குகின்றது. ஸோடிய அணுவின் ஆரம் 186 பிக்கோமீட்டர், குளோரினுடையது 99. (மீட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே பிக்கோமீட்டர்.) ஸோடியம் தன் எலெக்ட்ரானை எளிதில் ஈந்துவிடுவதும், குளோரின் பிறர் எலெக்ட்ரானைப் பற்றிக்கொள்வதும் இதனாலேயே. அடுத்த வரிசைக்கு இறங்கினாலோ புதிய கூடு ஒன்று தொடங்குகின்றது. பொட்டாஸியத்தின் ஆரம் 227 ஆகிவிடுகின்றது.

இனி, விதி பிறழ்வதாகத் தோன்றும் ஓரிடத்தைக் காண்போம். 40-ஆம் மூலகம் சிர்க்கோனியம், ஆரம் 160. அதற்கு நேர் கீழே நிற்பது 72-ஆம் மூலகமாகிய ஹாப்னியம். கீழே இருப்பதால் பெரிதாக இருத்தல் வேண்டுமன்றோ? அதன் ஆரமோ 159! இவ்விரண்டுக்கும் இடையே, லாந்தனத்தைத் தொடர்ந்து 14 மூலகங்கள் வருகின்றன. அவற்றில் சேரும் எலெக்ட்ரான்கள் வெளிக்கூட்டில் அமராமல், உள்ளே ஆழ்ந்த ஒரு கூட்டில் புகுகின்றன. அவை கருவை மறைப்பதில் மிகவும் சோம்பலானவை. அதனால் 14 படிகளிலும் அணு சிறிது சிறிதாகச் சுருங்கிக்கொண்டே வந்து, புதிய கூட்டினால் உண்டாகவேண்டிய பெருக்கம் முழுவதையும் விழுங்கிவிடுகின்றது. பருமன் ஒன்றே, எடை மட்டும் வேறு. ஆகவே சிர்க்கோனியத்தின் அடர்த்தி 6.5 ஆக இருக்க, ஹாப்னியத்தினுடையது 13.3.

பருமனும் புறக்கூட்டின் அமைப்பும் ஒத்திருப்பதால் இரசாயன குணங்களும் ஒத்துவிட்டன. சிர்க்கோனியத்தை 1789-இல் கிளாப்ராத் கண்டறிந்தார். அதன் தாதுவிலேயே ஒளிந்திருந்த ஹாப்னியம் 134 ஆண்டுகள் எந்தச் சோதனைக் குழாயிலும் அகப்படவில்லை. 72-ஆம் மூலகம் அருமண் இனத்தைச் சேர்ந்ததன்று, சிர்க்கோனியத்தின் இனத்தையே சேர்ந்தது என்பது நீல்ஸ் போரின் கொள்கை. அதை நம்பிச் சிர்க்கோனியத் தாதுவை எக்ஸ் கதிர்களால் சோதித்த காஸ்டர், ஹெவெஸி என்னும் இருவர் 1923-இல் கோபன்ஹேகன் நகரில் அதனைக் கண்டுகொண்டனர். எக்ஸ் கதிர் அணுவின் பருமனைப் பார்ப்பதில்லை. கருவின் மின்னேற்றத்தையே காட்டிக்கொடுக்கின்றது. அந்நகரின் லத்தீன் பெயரே மூலகத்தின் பெயராயிற்று.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்க்கான் என்னும் தாது கிடைக்கின்றது. நம் நாட்டின் கனநீர் அணு உலைகளில் யுரேனியத்தை அடைக்கும் குழாய்கள் சிர்க்கோனியக் கலவையால் ஆனவை. அவ்வுலோகம் நியூட்ரான்களை விழுங்காது வழிவிடுவதே காரணம். உடன்பிறப்பான ஹாப்னியமோ சிர்க்கோனியத்தைப்போல் சுமார் 600 மடங்கு நியூட்ரான்களை விழுங்கவல்லது! தாதுவில் அது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கலந்திருக்கும். அதை நீக்காமல் குழாய் செய்தால் உலையின் நியூட்ரான்கள் வீணே மாளும். ஆகவே, 1971-இல் ஹைதராபாத்தில் நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகத்தில், தாதுவை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மண்ணெண்ணெயுடன் கலந்த ட்ரைபியூட்டைல் பாஸ்பேட்டைக் கொண்டு சிர்க்கோனியத்தை மட்டும் பிரித்தெடுக்கும் முறையைக் கையாளலாயினர். ஒரு முறை கலக்கியதும் பிரிந்துவிடக்கூடிய உறவன்று அது. மீண்டும் மீண்டும், படிப்படியாகப் பிரித்து, பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவாக ஹாப்னியத்தை நீக்கிய பின்னரே உலோகம் உலைக்கு ஏற்றதாகின்றது.