வரைபடத்தில் ஏறிய ஒரு சொல்!

அமெரிக்காவில் மிசிசிபி ஆற்றின் கரையில் சில சிற்றூர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களில் இருப்பவர்கள் இன்று நேற்று வந்தவர்கள் அல்ல. பாட்டன், பூட்டன் காலத்தில் இருந்து அதே மண்ணில் குடியிருக்கிறார்கள்.

2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்த ஊர்களை ஆளும் கவுன்சில் ஒரு நிலத் திட்டத்தை நிறைவேற்றியது. எந்த இடத்தில் வீடு கட்டலாம், எந்த இடத்தில் பயிர் செய்யலாம், எந்த இடத்தில் ஆலை வைக்கலாம் என்று பிரித்துக் காட்டும் திட்டம் அது. அதில் இந்த மக்கள் குடியிருந்த பகுதிகள் சிலவற்றுக்கு ஒரு புதுப்பெயர் கொடுக்கப்பட்டது.

"குடியிருப்பு - எதிர்காலத் தொழிற்பகுதி" என்பது அந்தப் பெயர்.

முதல் சொல் இன்றைக்கு. இரண்டாவது சொல் நாளைக்கு. இன்று வீடு இருக்கிறது. நாளை ஆலை வரும். அப்படியானால் வீட்டில் இருப்பவர்கள் நாளை எங்கே போவார்கள்? வரைபடத்தில் அதற்குப் பதில் இல்லை.

யாருடைய வீட்டையும் யாரும் இடிக்கவில்லை. யாரையும் காலி செய்யச் சொல்லவும் இல்லை. ஒரு சொல்தான் எழுதினார்கள். ஆனால், நாளைக்கு ஆலை வரப்போகும் இடம் என்று தெரிந்தால் அங்கே யார் புது வீடு கட்டுவார்கள்? வீட்டை விற்க நினைத்தால் யார் நல்ல விலை கொடுப்பார்கள்? பிள்ளைகள் படித்து முடித்ததும் ஊர் திரும்புவார்களா? ஆலை வருவதற்கு முன்பே அந்தச் சொல் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

ஆற்றங்கரையில் ஆலைகள்

லூசியானா மாநிலத்தில், ஜில்லாவுக்கு "பாரிஷ்" என்று பெயர். இது நடந்தது செயின்ட் ஜேம்ஸ் பாரிஷில். சின்ன ஜில்லா. 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே ஏறத்தாழ 20 ஆயிரம் பேர் இருந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் இது ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகைதான். ஏழு வார்டுகள், வார்டுக்கு ஒரு கவுன்சிலர்.

ஒரு காலத்தில் ஆற்றின் இரு கரையிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துவரப்பட்ட கறுப்பு மக்களும் அவர்களுடைய சந்ததியாரும் அங்கே அடிமைகளாக உழைத்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு அவர்களில் பலர் தோட்டங்களின் ஓரத்திலேயே சிறு துண்டு நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அப்படி உண்டான ஓர் ஊருக்கு "பிரீடவுன்" என்று பெயர் வைத்தார்கள். சுதந்திர ஊர் என்று பொருள்.

பின்னர் தோட்டங்கள் இருந்த இடத்துக்கு ஆலைகள் வந்தன. பெரிய நிலப்பரப்பு, கப்பல் வந்துபோக ஆழமான ஆறு, பக்கத்திலேயே எண்ணெயும் எரிவாயுவும். முதலாளிகளுக்கு வேறென்ன வேண்டும்? நியூ ஆர்லியன்சுக்கும் பேட்டன் ரூஜுக்கும் இடையே 85 மைல் தூரத்தில் இன்று சுமார் 150 ஆலைகள் இருக்கின்றன. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலை என்று வரிசையாக நிற்கின்றன. அந்த வட்டாரத்துக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர், "புற்றுநோய்ச் சந்து!"

940 கோடி டாலர் ஆலை

2018-ம் ஆண்டில் "பார்மோசா பிளாஸ்டிக்ஸ்" என்ற தைவான் நாட்டுக் கம்பெனி, செயின்ட் ஜேம்சின் 5-வது வார்டில் ஒரு பெரிய ஆலைத் தொகுதி கட்டப்போவதாக அறிவித்தது. முதலீடு 940 கோடி டாலர். நிலம் சுமார் 2,400 ஏக்கர். நிரந்தர வேலை 1,200 பேருக்கு.

அது வருவதாக இருந்த இடத்துக்குப் பக்கத்து ஊரின் பெயர் "வெல்கம்". நல்வரவு என்று அர்த்தம்! யாருக்கு நல்வரவு என்றுதான் தெரியவில்லை. ஆலை எழும் இடத்தில் இருந்து ஒரு மைல் தூரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது.

ஆலை ஆண்டுக்கு 800 டன் வரை நச்சுப் பொருள்களைக் காற்றில் விடலாம் என்று மாநில அரசாங்கம் பின்னர் அனுமதி அளித்தது. அவற்றில் எத்திலின் ஆக்சைடு என்ற வாயுவும் ஒன்று. அது மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் இலாகாவே 2016-ம் ஆண்டில் முடிவு கூறியிருந்தது.

பாரிஷின் திட்டக் குழு ஆலைக்குச் சம்மதித்தது. ஊர்க்காரர்கள் அப்பீல் செய்தார்கள். கவுன்சில் அந்தச் சம்மதத்தையே உறுதி செய்தது.

வேலை வரும், வருமானம் வரும் என்று கவுன்சில் நினைத்ததில் தப்பில்லை. வேலையை வேண்டாம் என்று எந்த ஊரும் சொல்லாது. ஆனால் லூசியானாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய ஆலைகளுக்கு உள்ளூர்ச் சொத்து வரியில் பெரும்பகுதியைப் பத்து ஆண்டுவரை தள்ளிக் கொடுப்பார்கள். 1930-களில் இருந்தே நடந்துவரும் திட்டம் அது. அந்த வரிதான் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் போகவேண்டிய பணம். புகை முதல் நாளே வந்துவிடும். முழு வரி வருவதற்குப் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும்!

டீச்சரம்மா எழுந்தார்

வெல்கம் ஊரில் ஷரோன் லவீன் என்ற அம்மையார் இருக்கிறார். பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். 2018-ம் ஆண்டில் அவர் தன் வீட்டில் பத்துப்பேரைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். "ரைஸ் செயின்ட் ஜேம்ஸ்" என்று அதற்குப் பெயர். எழுந்திரு என்று அழைப்பது போன்ற பெயர்.

அதே ஜில்லாவில் 125 கோடி டாலர் செலவில் ஓர் ஆலை கட்ட இருந்த "வான்ஹுவா" என்ற சீனக் கம்பெனி, எதிர்ப்பைக் கண்டு 2019-ம் ஆண்டில் பின்வாங்கியது. 2021-ம் ஆண்டில் அந்த அம்மையாருக்கு, உலகப் புகழ்பெற்ற கோல்ட்மேன் பரிசு கிடைத்தது. சுற்றுச்சூழலைக் காப்பவர்களுக்கு அளிக்கப்படும் பரிசு அது.

இதற்கு முன்பும் ஒருமுறை அந்த ஜில்லா ஜெயித்தது உண்டு. அங்கே "கான்வென்ட்" என்று ஓர் ஊர். (பள்ளிக்கூடம் அல்ல, ஊரின் பெயரே அதுதான்.) அங்கே வர இருந்த "ஷின்டெக்" பிளாஸ்டிக் ஆலை, 1998-ம் ஆண்டில் வேறு இடம் தேடிப் போய்விட்டது.

பார்மோசா கம்பெனி வாங்கிய நிலத்தில் அடிமைகளின் கல்லறைகள் இருப்பது பிறகு தெரியவந்தது. அங்கே போய் ஜெபம் செய்ய ஊர்க்காரர்கள் அனுமதி கேட்டார்கள். கம்பெனி மறுத்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டு அனுமதி கொடுத்தது. 2020-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி, அடிமை விடுதலையை நினைவுகூரும் நாளில், அவர்கள் அந்த மண்ணில் நின்று ஜெபித்தார்கள். மூதாதையரின் கல்லறைக்குப் போக கோர்ட்டு உத்தரவு தேவைப்பட்டது!

"காலம் கடந்துவிட்டது!"

2023-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரண்டு சங்கங்களும் ஒரு தேவாலயமும் சேர்ந்து பாரிஷ் கவுன்சில் மீது வழக்குப் போட்டன. ஜில்லாவில் உள்ள 24 தொழிற்சாலைகளில் 20, கறுப்பு மக்கள் அதிகமாக இருக்கும் இரண்டு வார்டுகளிலேயே இருக்கின்றன என்று மனுவில் கூறினார்கள். இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. 2014-ம் ஆண்டுத் திட்டம், கத்தோலிக்க தேவாலயங்களுக்கும், உல்லாசப் பயணிகள் வந்து பார்க்கும் பழைய தோட்ட மாளிகைகளுக்கும் பக்கத்தில் ஆலை வராமல் இருக்கக் காலி இடம் விடச் சொன்னதாம். கறுப்பு மக்களின் தேவாலயங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லையாம். அடிமைகளை வேலை வாங்கிய மாளிகையைச் சுற்றிக் காலி இடம். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் கும்பிடும் இடத்தைச் சுற்றி ஆலை!

2023 நவம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். ஊர்க்காரர்களின் குறைகளில் நியாயமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. 2014-ம் ஆண்டுத் திட்டத்தை எதிர்ப்பதானால் ஓர் ஆண்டுக்குள் வந்திருக்கவேண்டும், காலம் கடந்துவிட்டது என்றார்.

இந்த இடத்தைத்தான் நன்றாகக் கவனிக்கவேண்டும். ஆலை வருகிறது என்றால் ஊர் கூடும். புல்டோசர் வந்து நின்றால் பெண்கள்கூட வந்து மறிப்பார்கள். வரைபடத்தில் ஒரு பெயர் மாறுகிறது என்றால் யார் கூடுவார்கள்? வயலிலும் சமையல்கட்டிலும் வேலையாக இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அந்தச் சொல்லின் அர்த்தம் எப்படி விளங்கும்? தீங்கு விதைக்கப்பட்டது 2014-ல். அது முளைத்தது 2018-ல். முளைத்ததைக் கண்டு ஓடிவந்தால், விதைத்த ஆண்டே ஏன் வரவில்லை என்று சட்டம் கேட்கிறது.

அப்பீல் கோர்ட்டு 2025 ஏப்ரலில் அந்த முடிவை மாற்றியது. இது ஒரு திட்டத்தைப் பற்றிய வழக்கு மட்டும் அல்ல, நெடுங்காலமாகத் தொடர்ந்து நடந்துவருவதாகக் கூறப்படும் அநீதி பற்றியது. ஆகவே வழக்கை நடத்தலாம் என்று அது கூறியது.

ஊர்க்காரர்கள் கேட்பது பெரிய விஷயம் அல்ல. இருக்கும் ஆலைகளை மூடு என்று கேட்கவில்லை. புதிதாக ஆலை வராமல் நிறுத்தி வை என்றுதான் கேட்கிறார்கள். 2019-ம் ஆண்டு முதல் கவுன்சிலிடம் இதைச் சொல்லி வருகிறார்கள். கவுன்சில் இசையவில்லை.

அதே கவுன்சில் 2022-ம் ஆண்டில் ஒன்றை நிறுத்தி வைத்தது. என்ன தெரியுமா? சூரிய ஒளியில் இருந்து மின்சாரம் எடுக்கும் பண்ணை! புயலில் தகடுகள் பறந்து வரும், நிலத்தின் விலை குறையும் என்று அந்தப் பகுதி மக்கள் முறையிட்டார்கள். கவுன்சில் காது கொடுத்துக் கேட்டது. பெரிய சூரிய மின்சாரப் பண்ணைகளுக்குத் தடை போட்டது. புகை இல்லாத, வாயு இல்லாத பண்ணைக்குத் தடை போட முடிந்தது. எத்திலின் ஆக்சைடு ஆலைக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

வழக்கு முடியும்வரை கவுன்சில் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கூட்டத்திலேயே புது ஆலைகளுக்கு நிறுத்தம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். 4-வது, 5-வது வார்டுகளின் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு தேவாலய வாசலிலும் ஒட்டலாம். எந்த நிலத்துக்கு என்ன பெயர், அந்தப் பெயரின் அர்த்தம் என்ன என்பதைச் சாதாரணச் சொற்களில் எழுதி, வீடு வீடாகக் கொடுக்கலாம். அதன் பிறகு, அந்த வார்டுகளிலேயே கூட்டம் போட்டு, அங்கே குடியிருப்பவர்களின் எதிரில் கை தூக்கட்டும்.