எந்த நாட்டில் உடல் பரிசோதனை?

உடம்பைப் பரிசோதித்துக்கொள்ள பாங்காக் போகலாமா, சியோலா, டோக்கியோவா என்று பணம் படைத்தோர் ஆராய்கிறார்கள். விடுதி எப்படி, செலவு எவ்வளவு என்பதே அவர்கள் கவலை. நாம் கேட்பது வேறு: அந்த நாட்டில் பாடுபடுகிறவனின் உடம்பை யார் பார்க்கிறார்கள்?

ஜப்பான் 2011-ல் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனி விசா கொண்டுவந்தது. அதற்கு வெகு முன்பே, 1972-ம் வருஷச் சட்டம், முறையாக வேலைக்கு அமர்த்திய தொழிலாளிக்கு வருஷந்தோறும் பரிசோதனை நடத்துவதை முதலாளியின் கடமையாக்கிவிட்டது. தென் கொரியாவில் தேசிய ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் மூலம், ஆலையில் உடலுழைப்போருக்கு வருஷம் ஒருமுறை, ஆபீஸ் ஊழியருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை. இத்தனைக்கும் இவை முதலாளித்துவ நாடுகள்தாம்!

இங்கோ, 2025 நவம்பரில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலாக்கிய மத்திய அரசாங்கம், 40 வயது கடந்தோருக்கு இலவச வருஷாந்தரப் பரிசோதனை என்று அறிவித்தது. பஞ்சாலைத் தூசி 40 வயதுவரை காத்திருக்குமா? வீட்டில் பீடி சுற்றும் தாய்க்கு எந்த முதலாளி பரிசோதனை நடத்துவான்?

வயது பாராமல், கூலி பிடிக்காமல், அரசாங்க ஆஸ்பத்திரியில் வருஷம் ஒருமுறை பரிசோதனை! ஒவ்வொரு சங்கமும் இதைத் தன் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும், தோழர்களே!