வட்டுக்கோட்டை பாடத்திட்டமும் நம்ம ஊர் மருந்து ரூமும்

கவுன்சலிங் சீசன் வந்துட்டா பிளஸ் டூ முடிச்ச தம்பி தங்கைகள் நம்மகிட்ட ரெண்டே கேள்விதான் கேட்பாங்க. "பிளேஸ்மென்ட் எப்படிண்ணா?", "சி.எஸ்.இ. கிடைக்குமாக்கா?" தப்பே இல்லை. லோன் போட்டுப் படிக்க வைக்கிற வீட்டில் வேறென்ன கேட்க முடியும்? ஆனால் ஒரு கல்லூரியை எடை போட மூன்றாவதாக ஒரு கேள்வியும் வேண்டும் என்பது என் கருத்து. அங்கே சொல்லித்தரும் விஷயம் அந்த ஊருக்கு அந்த ஊர் மொழியில் போய்ச் சேருகிறதா?

இந்தக் கேள்வியோடு கிட்டத்தட்ட 200 வருஷத்துக்கு முன்னாடியே மல்லுக்கட்டின ஒரு இடம் இருக்கு. யாழ்ப்பாணத்துல இருக்கிற வட்டுக்கோட்டை.

பெயரில் செமினரி, பாடத்தில் பல்கலைக்கழகம்

1816-ல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823-ல் வட்டுக்கோட்டையில் ஒரு உயர்கல்வி நிலையம் தொடங்கினார்கள். அவர்கள் ஆசைப்பட்டது ஒரு முழுக் கல்லூரி. அமெரிக்கர்கள் கல்லூரி நடத்த இலங்கையின் பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பெயரில் "செமினரி" என்றே நின்றது. ஆங்கிலேயர்கள் வாயில் வட்டுக்கோட்டை "பட்டிக்கோட்டா" ஆனதால், வரலாற்றில் அது பட்டிக்கோட்டா செமினரி.

செமினரின்னதும் பைபிள் மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. பைபிள் கட்டாயம்தான். கூடவே தமிழ் இலக்கியம், சமஸ்கிருதம், ஆங்கிலம், அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி, வானியல், இயற்பியல். அங்கே தலைவராக இருந்த ஹொய்சிங்டன், இந்திய வானியல் கணக்கு முறையை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1848-ல் புத்தகமாகவே போட்டார். உள்ளூர் பஞ்சாங்கக் கணக்கும் ஐரோப்பிய வானியலும் ஒரே வளாகத்தில் பேசப்பட்டன. டென்னன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1850-ல் எழுதிய புத்தகத்தில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு இணையாக இதை வைக்கலாம் என்று பாராட்டினார்.

ரிசல்ட் எப்படி? 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளைதான் பின்னாளில் கலித்தொகையை ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டு வந்தவர் (1887). ஆங்கிலம் படித்ததால் தமிழை விடவில்லை. தமிழ் படித்ததால் கணக்கில் பின்தங்கவும் இல்லை. அங்கே ரெண்டும் சேர்ந்தே ஓடுச்சு.

இதையெல்லாம் விருதுநகரில் உட்கார்ந்து எதுக்குப் படிக்கணும்னு கேட்கலாம். அதே மிஷன் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. நாம மதுரைக்கு பஸ் ஏறினா வழியில் வருமே திருமங்கலம், அங்கேதான் 1842-ல் ஒரு செமினரி ஆரம்பித்தார்கள். 1845-ல் அது பசுமலைக்குப் போனது, 1881-ல் கல்லூரி ஆனது. இன்றைக்கு மதுரையில் இருக்கும் அமெரிக்கன் கல்லூரியின் ஆரம்பம் அதுதான். ஆக இது நம்ம பக்கத்துக் கதையும்கூட.

டாக்டர் கிரீன் செய்த வேலை

என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது அதே மிஷனைச் சேர்ந்த இன்னொரு ஆள். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர். மானிப்பாயில் மருத்துவ வகுப்பு தொடங்கினார், முதலில் ஆங்கிலத்தில். ஆனால் ஆங்கிலத்தில் படித்த பையன்கள் அரசு வேலை, டவுன் வேலை என்று கிளம்பிப் போனார்கள். கிராமத்துக்கு டாக்டர் இல்லாத நிலை அப்படியே இருந்தது.

1864 முதல் அவர் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். புத்தகம் இல்லையே? தானே முன்னின்று மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். உடற்கூறியல், அறுவை சிகிச்சை, கலைச்சொல் பட்டியல் என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள். 1875-ல் வந்த வேதியியல் புத்தகத்துக்கு அவங்க வச்ச பேர் "கெமிஸ்தம்". தூய தமிழா இல்லையான்னு யாரும் சண்டை போட்டுக்கிட்டு நிக்கலை. வாய்க்கு வந்த மாதிரி ஒரு பேரை வச்சுட்டு, உள்ளே இருந்த விஷயத்தைத் தமிழில் சொன்னாங்க.

மிஷனரிகளின் முதல் நோக்கம் மதமாற்றம் என்பதை மறைக்கத் தேவையில்லை. அதை எதிர்த்துத்தான் ஆறுமுக நாவலர் சைவப் பள்ளிகளைத் தொடங்கினார். நம்ம விருதுநகரிலும் ஊர் மக்கள் வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து வளர்த்த க்ஷத்திரிய வித்யாசாலா 1889-லேயே இருக்கிறது. காமராஜர் படித்தது அங்கேதான். ஊருக்கு எது வேண்டுமோ அதை வைத்துக் கல்வியை யோசிப்பது எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை. மிஷனரிகளிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பாடத்தை எழுதும் முன் சுற்றி இருக்கும் ஜனங்களைப் பார்த்த அந்தப் பழக்கத்தை.

இப்போ நம்ம பெல்ட்டுக்கு வருவோம்

1922-ல் கல்கத்தா போன அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-ல் சிவகாசி திரும்பினார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் என்று ஒரு தொழில் நகரமே எழுந்தது. காலேஜ் சும்மா இல்லை. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம், ரெண்டும் 1984. மெப்கோ என்ற பெயரே அலுமினியப் பவுடர் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து வந்ததுதான். எம்.இ. அளவில் தொழில் பாதுகாப்புப் படிப்பும் நம் மாவட்டத்தில் உண்டு.

அதே மாவட்டத்தில்தான் 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியும் நடந்தது. ஒரே நாளில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். நடுவிலும் பிறகும் எத்தனையோ. செய்தியில் வரும் வரி மட்டும் மாறுவதே இல்லை: "மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு..."

ஒரு சின்ன டெஸ்ட். மருந்து ரூமில் வேலை பார்க்கும் ஒரு அக்கா உங்களிடம், "மிச்ச மருந்தைக் குமிச்சு வச்சுட்டு வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு போர்மேன் சொல்றாரே, ஏன் தம்பி?" என்று கேட்கிறார். "எக்ஸோதெர்மிக் ரியாக்ஷன்க்கா" என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்?

தமிழில் சொல்லிப் பார்ப்போம். அலுமினியப் பவுடரின் ஒவ்வொரு துகள் மேலும் மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம் இருக்கு. அதுதான் காவல். ஈரம் பட்டு அந்தத் தோல் அரிச்சுப் போனா, உள்ளே இருக்கிற அலுமினியம் தண்ணியோட சேர்ந்து சூட்டையும் ஹைட்ரஜன் வாயுவையும் விடும். கூட நைட்ரேட் உப்பு இருந்தா அம்மோனியா உண்டாகி அரிப்பு இன்னும் வேகமாகும். மருந்து கொஞ்சமா, பரவலா இருந்தா சூடு காத்தோட போயிடும். குவிச்சு வச்சா போக வழியில்லை. சூடு ஏற ஏற வேகம் கூடும், வேகம் கூடக் கூடச் சூடு ஏறும். ஈர வைக்கோலை அடுக்கி வச்சா போருக்குள்ள தானா சூடேறிப் புகையும்ல, அதே கதைதான். அங்கே புகை வரும். இங்கே வர்றது வேற.

இவ்வளவுதான். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி போதும் இதுக்கு. ஆனால் இப்படிச் சொல்ல நம்மில் யாருக்கும் நாலு வருஷத்தில் ஒரு மணி நேரப் பயிற்சிகூடக் கிடைப்பதில்லை. எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியத்தில் வந்த என்னை மாதிரி ஆட்களுக்கு இது ரெட்டை வேலை. "செய்யாதே" என்ற விதி போர்டில் தமிழில் எழுதி இருக்கும். "ஏன்" என்பது நம்ம ஆங்கில டெக்ஸ்ட்புக்கில் இருக்கும். ஏன் என்று தெரியாத விதியை, ஆர்டர் அவசரத்தில் மனிதர்கள் மீறத்தான் செய்வார்கள்.

விபத்துக்கெல்லாம் இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. லைசென்ஸ் மீறல், உள்குத்தகை, ஒரு ரூமில் அளவுக்கு மேல் ஆள், தீபாவளி நெருக்கடி, இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் முதலாளிகளும் அரசும். அந்தப் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் கட்டவே கூடாது. ஆனால் ரூமுக்குள் இருப்பவருக்குக் காரணம் தெரிந்தால், "இதை நான் செய்ய மாட்டேன்" என்று சொல்ல ஒரு பிடிமானம் கிடைக்கும்.

தமிழ் மீடியம் போதுமா?

"அப்போ எல்லாரும் தமிழ் மீடியத்தில் பி.இ. படிக்கச் சொல்றியா?" இல்லை. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் ரெண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் வேலைக்கு எடுக்கும் கம்பெனி ஆங்கிலத்தில்தான் இன்டர்வியூ எடுக்கிறது என்ற பயம் மாணவர்களுக்கு நியாயமானது. கிரீனின் தமிழ் வகுப்புக்கும் அவர் போன பிறகு ஆதரவு நீடிக்கவில்லை. எனக்குப் பிடித்த மாடல் வட்டுக்கோட்டை. ஆங்கிலத்தில் படி, தமிழிலும் சொல்லத் தெரிந்து வெளியே வா.

நடைமுறையில் மூணு விஷயம் கேட்கலாம்.

ஒன்று, ஒரு கிரெடிட் எலெக்டிவ். நம் மாவட்டத்தில் தன்னாட்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. தன்னாட்சி என்றால் சொந்தமாகப் பாடத்திட்டம் எழுதும் உரிமை. அமெரிக்கன் கல்லூரி 1978-லேயே வாங்கிய உரிமை அது. நம்மாளுங்க அதை வச்சு ஏ.ஐ. பேப்பரை மட்டும்தான் சேர்க்கணுமா?

இரண்டு, கெமிக்கல், மெக்கானிக்கல், சிவில், எந்த டிபார்ட்மென்ட்டாக இருந்தாலும் ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் தமிழில். அந்தத் துறையில் வேலை செய்யும் ஒரு தொழிலாளி படித்தால் புரிய வேண்டும். வைவாவில் அதற்கும் மார்க்.

மூன்று, ஒரு சொல் பட்டியல். புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். மருந்து, மணி மருந்து, திரி, உராய்வு என்று பட்டறையில் ஏற்கெனவே புழங்கும் சொற்களை அவர்களிடமே கேட்டு, பக்கத்தில் நம்ம டெக்ஸ்ட்புக் வார்த்தையை எழுதினால் போதும். இந்த மின்னிதழிலேயே மாசம் பத்து வார்த்தை போடலாம்.

நம்மில் பாதிப் பேர் ஆஃபர் லெட்டரோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பப் போகிறோம். நானும்தான். அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. கிளம்புறதுக்கு முன்னாடி புராஜெக்ட்ல அந்த ஒரு பக்கத்தை எழுதி வச்சுட்டுப் போவோம். அதுக்கு யார் அப்ரூவலும் தேவையில்லை.