கேஸ் மாத்திரையும் மருந்துதான்

மகாராஷ்டிரத்தில் போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் டீ, வடாபாவுக்கு அடுத்தபடியாகத் தேடுவது 'நாலு கேஸ் மாத்திரை'தான். அட்டையில் நாலை மட்டும் கத்தரித்துக் கொடுப்போம். பெட்டியும் அதற்குள் மடித்து வைத்த தகவல் தாளும் கடையிலேயே தங்கிவிடும்.

அந்தத் தாளில்தான் விஷயமே இருக்கிறது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மருந்துகளின் தகவல் தாளில் 'திடீர் சிறுநீரகப் பாதிப்பு' என்பதைப் பக்கவிளைவாகச் சேர்க்கும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2019-லேயே சொல்லிவிட்டார். படிக்க வேண்டியவர் கண்ணில் படாத எச்சரிக்கையால் யாருக்கு என்ன லாபம்? மராத்தியிலும் தமிழிலும் அதை அட்டையிலேயே அச்சடிக்கட்டும்.

பயம் காட்டுவது என் நோக்கமல்ல. குடற்புண்ணில் ரத்தம் கசிந்தவருக்கு இந்த மாத்திரை உயிர்காக்கும். 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பான்டோபிரசோலைச் சோதித்து 2019-ல் வெளியான ஆய்வில், அதனால் நாள்பட்ட சிறுநீரக நோய் கூடுவதாக உறுதியாகத் தெரியவில்லை. ஆனாலும் சிலருக்குச் சிறுநீரகத் திசுவில் ஒவ்வாமை அழற்சி வருவதுண்டு. பெரும்பாலும் வலி இருக்காது, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு மட்டும் ஏறும். ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது பெரிய அடி.

"அப்படியென்றால் பாட்டில் மருந்து தாங்க" என்பார்கள். அதில் பெரும்பாலும் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கும். பழுதான சிறுநீரகத்தால் அவற்றை முழுதாக வெளியேற்ற முடியாது. தண்ணீரில் பொங்கும் உப்பில் சோடியம். வீக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும். ஃபமோடிடின் என்ற இன்னொரு வகை கேஸ் மாத்திரை என்றால் சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவைக் குறைத்தாக வேண்டும்.

வார்ப்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், சிறுநீரக நோயாளி, இரண்டு டாக்டர்களின் சீட்டோடு வந்தார். ஒன்றில் பான்டோபிரசோல். மற்றதில் முட்டுவலி மாத்திரை. அதற்குள்ளேயே ரபிபிரசோலும் கலந்திருந்தது. "அண்ணாச்சி, ரெண்டிலயும் கேஸ் மருந்து இருக்கு" என்றேன். "அது முட்டுவலிக்குல்லா எழுதித் தந்தாவ?" என்றார். கேஸ் மருந்து இரட்டிப்பானதைவிட, கூடவே வந்த வலிமருந்து அவர் சிறுநீரகத்துக்கு மோசம். கொடுக்காமல், சிறுநீரக டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். அந்த டாக்டர் வலிமருந்தை நிறுத்திவிட்டு, கேஸ் மாத்திரையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாராம்.

பான்டோபிரசோல் போன்றவை சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் என்று சட்டம் சொல்கிறது. என்னைப் போன்ற கடைக்காரர்கள் அதை மதித்தால் வியாபாரம் கொஞ்சம் படுக்கும், படுத்தால் படுக்கட்டும். சீட்டோடு வந்தாலும் "கிட்னி பிரச்சினை உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடும்? எதற்காக, எத்தனை வாரத்துக்கு என்பதை டாக்டர்களும் சீட்டிலேயே எழுத வேண்டும்.

சிறுநீரக நோயாளிகள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை டாக்டர் மேசைமேல் வையுங்கள். எது வேண்டும், எது வேண்டாம், எதுவரை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.