தையற் சட்டமும் பித்தளை ஆணியும்

கொக்குவிலிலிருந்து ஒரு மாணவி எழுதுகிறார். கன்வஸ் துணியிலே கம்பளி நூலால் மயிலொன்று தைக்கத் தொடங்கினாராம். பாதி நிறைந்ததும் துணி ஒரு பக்கமாகச் சரிந்து, சதுரம் கோணிவிட்டதாம். இனிச் சட்டத்திற் பூட்டித் தைக்க எண்ணுகிறார். வீட்டிலே பனஞ்சிலாகைத் துண்டுகளும் இரும்பு ஆணிகளும் கிடக்கின்றன. அவை போதாவா என்பது அவருடைய கேள்வி.

போதா என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்குலத்துக்கு 14 கண்ணுள்ள கன்வஸில் ஒரு சதுர அங்குலத்துக்கு 196 தையல் விழும். 10 அங்குலச் சதுரப் படமாயின் 19,600 தையல். அவை யாவும் ஒரே மூலையை நோக்கிச் சாய்பவை. ஒவ்வொன்றும் துணியைச் சிறிது இழுக்கும். ஆகவே துணி சரிந்தது கைக்குற்றமன்று. பிடித்துநிறுத்த ஒன்றும் இல்லாமையே காரணம். 1824ஆம் ஆண்டு உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை அமைத்த காலந்தொட்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் பள்ளியிலே தையல் பயின்று வருகின்றனர். ஆயினும் தையலைப் பற்றிப் பேசுமளவுக்குச் சட்டத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பனை நமக்கு எவ்வளவோ உதவும் மரந்தான்; கூரைக்கு அதனினும் நல்லது வேறில்லை. தையற் சட்டத்துக்கோ அது ஆகாது. கனமானது; சிறு ஆணி அதன் வைரத்தில் ஏறாது; சிராய் கம்பளி நூலைப் பற்றி இழுக்கும். பலாவும் வேண்டாம், ஈரம் பட்டால் அதன் மஞ்சட் சாயம் துணிக்கு ஏறக்கூடும். பழைய பொதிப் பெட்டிகளின் இலேசான பலகை, நன்கு காய்ந்ததாயின், போதுமானது. ஓரங்குல அகலத்திற் கீறுவித்து, மூலைகளை அரைக்கு அரை வெட்டிப் பொருத்தி, அரத்தாளால் தேய்த்துத் தரும்படி தச்சரிடம் சொல்லுங்கள். பச்சை மரமாயின் சோளகக் காற்றிலே முறுகிவிடும்.

ஆணி விடயத்திற் சிக்கனம் பார்த்தல் பெருந்தவறு. குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கு வெகுதூரமன்று. உப்புக்காற்றில் இரும்பு விரைவிலே துருவேறும். துருக்கறை துணியில் ஊறிவிட்டால், அதைப் போக்கும் மருந்து கம்பளியின் நிறத்தையும் கெடுத்துவிடலாம். புத்தகக் கடையில் விற்கும் தட்டைத் தலைப் பித்தளை ஊசிகளை வாங்குங்கள். வாங்குமுன் ஒரு காந்தத்தை அருகிற் பிடித்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு; பளபளப்பைக் கண்டு ஏமாற வேண்டாம். நல்ல பித்தளையும் நாட்படப் பச்சைக் களிம்பு பூக்கும். ஆதலால் படத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் வெறுந்துணி விட்டு, அவ்விளிம்பிலேயே ஊசியைக் குத்துக. வேலை முடிந்த அன்றே கழற்றிவிடுக.

10 அங்குலப் படத்துக்குத் துணி 14 அங்குலம்; சட்டத்தின் வெளியளவும் அதுவே. விளிம்பு பிரியாதபடி பருத்தி நாடா வைத்துத் தைத்துவிடுங்கள். ஒட்டும் நாடா வெப்பத்தில் இளகிப் பிசினை விட்டுச்செல்லும். நான்கு பக்கத்தின் நடுவிலும் முதலில் ஒவ்வோர் ஊசி; பின்னர் எதிரெதிராக, நடுவிலிருந்து மூலையை நோக்கி, முக்கால் அங்குலத்துக்கு ஒன்று. துணியின் இழை மரத்தின் விளிம்போடு நேராக ஓட வேண்டும். பின்பு ஒரு நூலால் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாயிருந்தாற் சதுரம் சரி.

மாணவியின் மயில் பாதி தைக்கப்பட்டதல்லவா? அதைப் பிரிக்க வேண்டியதில்லை. நூலின் சாயம் கழலுமா என்று ஓரத்திற் சோதித்த பின், துணியைச் சிறிதே நனைத்து, எதிர்மூலைக்கு மெல்ல இழுத்து, சதுரமாக ஊசி குத்தி, நிழலில் உலர விடலாம். நம் கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி; பிடித்து வைத்த மழைநீர் நலம்.

மாரி காலத்திற் கன்வஸின் பசை இளகித் துணி தொய்யும். அப்போது ஊசிகளை மாற்றிக் குத்தி இறுக்குங்கள். அந்தப் பசையைக் கரப்பான் விரும்பித் தின்னும். இரவில் சட்டத்தைச் சுவரோடு சாய்த்து வையாமல், பழைய வேட்டியொன்றாற் சுற்றி அலுமாரியில் வையுங்கள்.