கோப்புக்குப் பெயர் மட்டும் போதுமா?



"டிப்ளமோ பசங்களுக்கு வேலை தெரியும், எழுதத்தான் வராது" என்று சிலர் சொல்வதுண்டு. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்று வருடமும் நாம் எழுதிக்கொண்டேதானே இருக்கிறோம்! ரெக்கார்டு நோட்டு, செமினார், தொழிற்சாலைப் பயிற்சிக் குறிப்பு, கடைசியில் பிராஜெக்ட் ரிப்போர்ட். எழுத வராமல் இல்லை; எழுதியதைத் தேடி எடுப்பதுதான் கஷ்டம். கிடைக்காதபோது என்ன நடக்கிறது? சிலர் சீனியர் ரிப்போர்ட்டில் பெயரை மாற்றி பைண்டிங் போட்டுவிடுகிறார்கள். வைவாவில் ஒரு கேள்வி வந்தால் முழிக்க வேண்டியதுதான்!

இதற்கு என் யோசனை இதுதான்: எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் உங்கள் மனசுக்குப் பட்ட குறிச்சொல் ஒன்றைப் போடுங்கள்.

குறிப்பைப் பற்றிய குறிப்புக்கு 'மெட்டாடேட்டா' என்று பெயர். அதில் இரண்டு ரகம் உண்டு. ஒர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். வெர்னியரில் 24.5 மி.மீ. என்றால் யார் அளந்தாலும் அதேதான். ஆனால் அதே ஜாபின் மேல் "இந்தப் பக்கம் இன்னும் ஃபைல் போடணும்" என்று சாக்பீஸால் ஒரு கோடு இழுக்கிறோமே, அது அளவல்ல. வேலை செய்பவரின் தீர்மானம். இரண்டும் வேண்டும்.

கோப்பின் தேதி, சைஸ், எழுதியவர் பெயர் எல்லாம் வெர்னியர் ரகம். கணினியே பதிந்துவிடும். 'எனக்குப் புரியவில்லை', 'நம்ப முடியாத ரீடிங்', 'முன்னுரைக்கு ஆகும்' என்பவை சாக்பீஸ் ரகம். இன்றைய ஏ.ஐ. 'வெல்டிங்' என்று தலைப்புப் போட்டுத் தந்துவிடும். ஆனால் அந்த ரீடிங்கில் உங்களுக்கு வந்த சந்தேகம் அதற்கு எப்படித் தெரியும்?

"ஆளுக்கொரு சொல் போட்டால் குழப்பம்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே கோணத்தில் அடைக்காமல் பொருள், செயல், இடம், காலம் என்று பல முகங்களில் பகுக்கும் முறை அது. நூலகத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் பொதுவான ஒழுங்கு அவசியம். அங்கே என் 'புரியவில்லை' யாருக்கும் பயன்படாது. ஆனால் என் நோட்டுக்கு வாசகன் நான் ஒருவன்தானே!

ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் (மறைவு 1998) ஏறத்தாழ 90,000 துண்டுத்தாள்களில் குறிப்பெழுதிச் சேர்த்தார். புத்தக அலமாரி மாதிரி தலைப்பு வாரியாக அடுக்காமல், எந்தத் தாள் எதனோடு சேரும் என்று தனக்குப் பட்டபடி எண் கொடுத்து இணைத்தார். அவர் எழுதிக் குவித்த புத்தகங்களுக்கு அந்தப் பெட்டிகள்தான் துணை. அதுவும் கணினி இல்லாமல்!

சில எச்சரிக்கைகள். சொற்கள் பத்துக்குள் இருக்கட்டும். 'டவுட்', 'சந்தேகம்' என்று ஒன்றையே இரண்டு விதமாக எழுதாதீர்கள். எல்லாவற்றுக்கும் 'முக்கியம்' போட்டால் எதுவுமே முக்கியமில்லை என்றாகிவிடும். குழு பிராஜெக்ட் என்றால் எல்லோரும் உட்கார்ந்து பேசிச் சொற்களை முடிவு செய்யுங்கள்.

கருத்து மாறினால்? மாறட்டுமே! 'புரியவில்லை' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியோடு 'புரிந்தது' என்று எழுதுங்கள். அழிக்காதீர்கள். எங்கே தடுமாறினோம், எப்படி வெளியே வந்தோம் என்ற அந்த வழிதான் ரிப்போர்ட்டில் நாம் சொந்தமாக எழுத வேண்டிய அத்தியாயம். அதை எந்த சீனியரிடமும் கடன் வாங்க முடியாது. எந்த எக்ஸ்டர்னலும் அதில் நம்மை மடக்க முடியாது.

செலவு ஒரு பென்சில்தான். அடுத்த லேப் வகுப்பிலேயே ஆரம்பிப்போமே!