பார்வையின் விலை

நுழைமுன்

திறன்பேசியில் ஒரு காணொலியைக் காண்பவர் அதற்கெனப் பணம் எதுவும் செலுத்துவதில்லை. ஆயினும் அதனை உருவாக்கியவர் வருவாய் பெறுகிறார். அப்பணம் எவருடையது? எதற்காகத் தரப்படுகிறது? சமூக ஊடகத்தைத் தொழிலாகக் கொள்ள விழையும் இளையோர் முதலில் விடை காண வேண்டிய வினாக்கள் இவை.

மேல்நிலை வகுப்பு மாணவர்களிடம் எதிர்காலத் தொழில் குறித்து வினவினால் மருத்துவர், பொறியாளர், ஆட்சியர் என்னும் விடைகளுக்கு நடுவே ‘யூடியூபர்’ என்னும் விடையும் இன்று வந்துவிடுகிறது. பெரியோருள் சிலர் அதனை விளையாட்டுத்தனம் என நகைக்கின்றனர். வேறு சிலரோ, படிப்பைக் காட்டிலும் விரைந்து பொருளீட்டும் வழி இதுவே என நம்பித் தம் குழந்தைகளையே ஒளிப்படக் கருவியின்முன் நிறுத்துகின்றனர். இகழ்வோரும் வியப்போரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. இத்தொழிலில் விற்கப்படும் பொருள் காணொலி அன்று. அதனைக் காண்பவரின் நேரமே விற்கப்படுகிறது. இதனை உணராதவருக்கு இத்தொழிலின் கணக்கு விளங்காது.

இணையத்திற்கு முன்பே

இவ்வணிகமுறை இணையத்தோடு பிறந்ததன்று. 1833ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்பவர் ‘தி சன்’ என்னும் நாளிதழைத் தொடங்கினார். பிற இதழ்கள் ஆறு சென்ட்டுக்கு விற்ற காலத்தில் அவர் தம் இதழை ஒரு சென்ட்டுக்கு விற்றார். விலைக்குறைப்பால் வந்த இழப்பை விளம்பரக் கட்டணம் ஈடுசெய்தது. படிப்போர் பெருகப் பெருக விளம்பரதாரர் மேலும் நாடி வந்தனர். தமிழ் இதழுலகிலும் இவ்வுறவை நன்கறிந்தோர் இருந்தனர். 1928ஆம் ஆண்டு ஆனந்த விகடனை விலைக்கு வாங்கிய எஸ்.எஸ். வாசன், அதற்குமுன் விளம்பரத் தொழிலில் ஈடுபட்டிருந்தவரே.

பொருளியலில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், செய்தி மிகுந்த உலகில் மக்களின் கவனம் அரும்பொருளாகிவிடும் என்னும் கருத்தை 1971ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். கைக்குள் அடங்கும் திரைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னர்க் கூறப்பட்ட கருத்து அது. அரும்பொருளுக்கு விலை உண்டாவது இயல்பு. அவ்விலையைத் தருபவர் விளம்பரதாரர். பெற்றுப் பங்கிடுபவர் சமூக ஊடக நிறுவனத்தார். பங்கில் ஒரு பகுதியைப் பெறுபவர் படைப்பாளர். கவனத்தைத் தந்த பார்வையாளருக்குக் கிடைப்பது காணொலி மட்டுமே.

பழைய இதழுக்கும் இன்றைய ஊடகத்திற்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உள்ளது. இதழில் கதை எழுதியவருக்கு இதழாசிரியர் இவ்வளவு எனப் பேசி ஊதியம் அளித்தார். இதழ் விற்றாலும் விற்காவிட்டாலும் எழுதியவருக்கு உரியது கிடைத்தது. சமூக ஊடகத்தில் அவ்வுறுதி இல்லை. உழைப்பும் செலவும் முழுவதும் படைப்பாளருடையவை; ஊதியம் மட்டும் பிறருடைய பார்வையைப் பொறுத்தது.

பங்கு பெறும் வழி

2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற யூடியூபை அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் 165 கோடி டாலருக்கு வாங்கியது. விளம்பர வருவாயில் ஒரு பங்கினைப் படைப்பாளருக்கு அளிக்கும் திட்டம் 2007ஆம் ஆண்டு தொடங்கியது. அப்பங்கினைப் பெற ஓர் அலைவரிசைக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன் கடந்த 12 மாதங்களில் அதன் காணொலிகள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடக் காணொலி ஒன்றை 48,000 பேர் இறுதிவரை பார்த்தால்தான் 4,000 மணி நேரம் நிறையும் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. குறுங்காணொலி வழியாக வருவோர் 90 நாள்களில் ஒரு கோடிப் பார்வைகளைப் பெற்றிருக்க வேண்டும்.

இத்தகுதி பெற்றபின் நெடுங்காணொலிகளோடு வெளியாகும் விளம்பரங்களின் நிகர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளரைச் சேரும். குறுங்காணொலிக்குரிய பங்கு 45 விழுக்காடு. சேர்ந்த தொகை 100 டாலரை எட்டிய பின்னரே வங்கிக் கணக்கிற்கு வரும். பதினெட்டு வயது நிறையாதோர் தம் பெயரில் இப்பணத்தைப் பெற இயலாது. பெற்றோர் அல்லது காப்பாளரின் கணக்கு வழியாகவே பெற வேண்டும். திரைப்படப் பாடலைப் பின்னணியில் சேர்த்துவிட்டு வருவாயை எதிர்பார்ப்போர் ஏமாற்றம் அடைவதும் உண்டு. பாடல் உரிமையாளர் உரிமை கோரினால் அக்காணொலியின் விளம்பர வருவாய் அவரிடமே போய்ச் சேரலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு இதனை விளக்கும். தமிழில் வெளியான ஒரு காணொலியை ஒரு லட்சம் பேர் பார்த்தனர் எனக் கொள்ளலாம். எல்லாப் பார்வைகளிலும் விளம்பரம் தோன்றுவதில்லை. பாதியில் தோன்றியது எனினும் அவை 50,000. ஆயிரம் பார்வைக்கு விளம்பரதாரர் 100 ரூபாய் தந்தால் மொத்தம் 5,000 ரூபாய். அதில் படைப்பாளரின் பங்கு 2,750 ரூபாய். மாதம் நான்கு காணொலிகள் இவ்வாறே வெற்றி பெற்றாலும் 11,000 ரூபாய். ஒளிப்படக் கருவி, விளக்கு, ஒலிவாங்கி, பயணம், படத்தொகுப்பு ஆகியவற்றின் செலவு இதிலிருந்தே கழிய வேண்டும். ‘லட்சம் பார்வை’ என்னும் சொல் செவிக்குத் தரும் மயக்கத்தை இக்கணக்கு தெளிவித்துவிடுகிறது.

ஆயிரம் பார்வைக்கு 100 ரூபாய் என்பதும் நிலையானதன்று. விளம்பர இடம் ஒவ்வொன்றும் ஏலத்தில் விற்கப்படுகிறது. காண்பவர் எந்நாட்டவர், எவ்வயதினர், எதனை வாங்கக்கூடியவர் என்பனவற்றைப் பொறுத்து ஏலத்தொகை மாறும். தீபாவளி போன்ற விழாக் காலங்களில் ஏறும். விழா முடிந்ததும் இறங்கும். பங்குச்சந்தை பற்றிப் பேசும் காணொலிக்குக் கிடைக்கும் தொகை, நாட்டுப்புறப் பாடலுக்குக் கிடைப்பதைவிடப் பன்மடங்கு மிகுதியாகலாம். கனடாவிலோ சிங்கப்பூரிலோ வாழும் தமிழர் ஒருவர் பார்ப்பதும் தேனியில் உள்ளவர் பார்ப்பதும் படைப்பாளருக்கு ஒரே வருவாயைத் தருவதில்லை. உழைப்பு ஒன்றே, காண்பவரின் வாங்கும் ஆற்றலே வேறு. ஒரு படைப்பின் தரத்தை அதன் வருவாயைக் கொண்டு அளப்பது எத்துணைப் பிழை என்பது இதனால் புலனாகும்.

சின்ன வீரமங்கலத்துச் சமையல்

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சின்ன வீரமங்கலம் என்னும் சிற்றூரில் 2018ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021ஆம் ஆண்டு ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. தமிழ் அலைவரிசைகளுள் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. திறந்தவெளியில் விறகடுப்பு மூட்டி, அம்மியில் அரைத்து, பெரும் பாத்திரங்களில் சமைத்து, ஆதரவற்றோர்க்கும் முதியோர்க்கும் பரிமாறும் காட்சிகளே அதன் உள்ளடக்கம். அக்குழுவினர் அவ்வாண்டில் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்கினர்.

இவ்வெற்றியைக் கண்டு விறகடுப்பும் பெரும் பாத்திரமும் வாங்கியோர் பலர். அவர்கள் கண்டது புறத்தோற்றத்தை மட்டுமே. அங்குப் பேச்சு குறைவு, செயல் மிகுதி. ஆதலால் தமிழறியாதவரும் அக்காட்சிகளைக் காண்கின்றனர். பார்வையாளர் வட்டம் நாட்டெல்லையைக் கடந்தது. ஊரோடும் அடுப்போடும் வயலோடும் அவர்களுக்கிருந்த பழக்கம் படப்பிடிப்புக்காக வரவழைத்துக்கொண்டதன்று. பிறரிடமிருந்து படியெடுக்கக் கூடியது பாத்திரத்தின் அளவுதான். கைப்பழக்கத்தைப் படியெடுக்க இயலாது. மேலும், ஒரு வெற்றியைக் காண்போரின் கண்ணில் அதே முயற்சியில் ஈடுபட்டுப் பின் கைவிட்டோர் படுவதில்லை. அவர்களின் காணொலிகள் பார்ப்பாரின்றிக் கிடக்கின்றன.

வாடகை நிலம்

படைப்பாளர் பயிரிடும் நிலம் அவருக்குச் சொந்தமானதன்று. 2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் நாட்டின் பாதுகாப்பைக் கருதி இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தது. அவற்றுள் ‘டிக்டாக்’கும் ஒன்று. ஆடியும் பாடியும் நடித்தும் பல லட்சம் பேரின் அன்பைப் பெற்றிருந்த எளிய குடும்பத்துக் கலைஞர்கள் பலர், தம்மைப் பின்தொடர்ந்த கூட்டத்தை மிகக் குறுகிய காலத்தில் இழந்தனர். அவர்களின் திறமை குறையவில்லை. ஆனால் ரசிகரைச் சென்றடையும் பாதை அடைபட்டது. அரசின் முடிவு சரியா, தவறா என்பது வேறு வினா. அதற்கும் முன்னர், ஆறு நொடிக் காணொலிகளால் புகழ்பெற்ற ‘வைன்’ என்னும் செயலியை அதன் உரிமையாளரான ட்விட்டர் நிறுவனமே 2016ஆம் ஆண்டு நிறுத்தப்போவதாக அறிவித்தது. தடை வெளியிலிருந்தும் வரலாம், உரிமையாளரிடமிருந்தும் வரலாம்.

செயலி நீடித்தாலும் விதி மாறக்கூடும். குழந்தைகளின் தரவுகளைத் திரட்டியதற்காக 2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த உடன்பட்டன. அதன்பின் குழந்தைகளுக்கான காணொலிகளில் தனிநபர் சார்ந்த விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. குழந்தைகளின் நலனுக்கு அது வேண்டிய மாற்றமே. ஆயினும் பிழையேதும் செய்யாமல் குழந்தைகளுக்குக் கதை சொல்லிவந்தோரின் வருவாயும் அதனால் குறைந்தது. எந்தக் காணொலியை யாருக்குப் பரிந்துரைப்பது என முடிவுசெய்யும் அல்காரிதமும் அவ்வப்போது மாற்றப்படுகிறது. முதலாளியிடம் காரணம் கேட்கத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. பரிந்துரை குறைந்ததற்குக் காரணம் கேட்கப் படைப்பாளருக்கு எந்த வாயிலும் இல்லை. இந்நிலை மாற வேண்டும். உழைப்பவர் தம் ஊதியம் குறைந்த காரணத்தை அறியும் உரிமை இப்புதிய தொழிலுக்கும் வேண்டும்.

நம்பிக்கைக்குப் பேசப்படும் விலை

விளம்பரப் பங்கு மட்டும் போதாமையால் படைப்பாளர் பலர் வணிக நிறுவனங்களோடு நேரடி ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். இன்ஸ்டாகிராமில் பெரும்பாலோருக்கு இதுவே முதன்மையான வருவாய். ஒரு முகப்பூச்சையோ பயிற்சி வகுப்பையோ தாம் பயன்படுத்திப் பயன்பெற்றதுபோலப் பேசுவதற்குத் தொகை பெறுகின்றனர். சிலர் பொருளாகவும் பெறுகின்றனர். அவ்வாறு பெறும் பொருளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைக் கடந்தால் 10 விழுக்காடு வரிப்பிடித்தம் உண்டு என்னும் விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தந்த பொருளுக்கு இது பொருந்தாது.

விளம்பரதாரர் இங்கு வாங்குவது பார்வையாளரின் நேரத்தை மட்டுமன்று. படைப்பாளர்மீது அவர் கொண்ட நம்பிக்கையையும் சேர்த்தே வாங்குகிறார். தொலைக்காட்சியில் நடிகர் ஒருவர் வழலையைப் புகழ்ந்தால் அது விளம்பரம் என்பதைச் சிறுவரும் அறிவர். நாள்தோறும் வீட்டு முற்றத்திலிருந்து உறவினர்போல் பேசும் ஒருவர் அதே வழலையைப் புகழ்ந்தால் அது அறிவுரையாகவே கொள்ளப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சூதாட்டச் செயலிகளைப் புகழ்ந்து பேசித் தொகை பெற்ற படைப்பாளரும் நாட்டில் இருந்தனர். அவர்களை நம்பிப் பணம் இழந்தோருக்கு ஈடு கிடைப்பதில்லை. சமையலுக்கோ நகைச்சுவைக்கோ பெற்ற நம்பிக்கையைச் சூதுக்கு விற்பது வணிகத் திறமை எனப் பாராட்டத்தக்கதன்று. அது வஞ்சனையே ஆகும்.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைத்தவருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம். மீண்டும் செய்தால் அது ஐம்பது லட்சம் வரை உயரும். பரிந்துரை செய்வதற்கே ஓராண்டு வரையும், மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரையும் தடை விதிக்கலாம். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், பணமோ பரிசோ பெற்றுப் பரிந்துரைப்போர் அதனை எளிதில் புலப்படுமாறு அறிவிக்க வேண்டும் என்கிறது. பரிந்துரை எம்மொழியில் அமைகிறதோ அம்மொழியிலேயே அறிவிப்பும் அமைய வேண்டும் என்பதும் அவ்வழிகாட்டுதலில் உண்டு.

தமிழ்க் காணொலிகளில் இவ்விதி படும் பாட்டைக் கண்டறிவது எளிது. பேச்சு முழுவதும் தமிழில் இருக்கும். ‘பெய்டு பார்ட்னர்ஷிப்’ என்னும் அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில், ஒரு மூலையில், படிப்பதற்குள் மறைந்துவிடும். பத்து நிமிடம் தமிழில் உரையாடத் தெரிந்தவருக்கு ‘விளம்பரம்’ என்னும் ஆறெழுத்துச் சொல் தெரியாமலா போகும்? அச்சொல்லைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கூறினால் சிலர் காணொலியைக் கடந்து செல்வர். ஒப்பந்தத் தொகையும் சற்றுக் குறையலாம். எஞ்சியிருந்து கேட்பவர், தம்மிடம் பேசுபவர் எப்போது நண்பராகப் பேசுகிறார், எப்போது விற்பனையாளராகப் பேசுகிறார் என்பதை அறிந்தே கேட்பார்.